எஸ். முத்தையா எழுதியது சென்னையின் வரலாறா, கம்பெனியின் வரலாறா?

பெரம்பூர்_சங்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டது. இனி ‘மெட்ராஸ் டே’ கொண்டாடும் 22-ஆம் தேதி வரை எங்கு திரும்பினாலும் ஜார்ஜ் கோட்டை, ரிப்பன் மாளிகை, பழைய டிராம் வண்டிப் படம், கூடவே சென்னையைப் பற்றி எழுதி எழுதிப் பெயர் வாங்கிய எஸ். முத்தையாவுக்குப் புகழாரம். மனிதர் 2019-ல் போய்விட்டார். போனவரைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

என் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். வீட்டில் அவருடைய பித்தளை டோக்கன் ஒன்று இருக்கிறது. நாலணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ஓட்டை, நடுவில் எண். கேட்டில் அதைக் கொடுத்தால்தான் அன்றைய கூலி. பக்கிங்ஹாம் மில் டோக்கன் அது. காலையில் சங்கு ஊதும்போது பெரம்பூரிலிருந்து ஓட்டேரி வரைக்கும் தெருவே எழுந்து நடக்குமாம்.

இந்த மனிதர்கள் முத்தையாவின் சென்னையில் எங்கே இருக்கிறார்கள்? அவர் புத்தகத்தைத் திறந்தால் பிரான்சிஸ் டே வருகிறார், எலிஹு யேல் வருகிறார், தாமஸ் பாரி வருகிறார், பின்னி குடும்பம் வருகிறது. முதலாளிக்குப் பெயர், பிறந்த ஊர், வாங்கிய பங்களா எல்லாம் உண்டு. டோக்கன் பிடித்தவனுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். பாரி கம்பெனியின் 200 ஆண்டு வரலாறு, சிம்ப்சன் கம்பெனியின் 150 ஆண்டு வரலாறு என்று கம்பெனிக் கதைகளிலும் அவர் பெயர் இருக்கிறது. 2002-ல் பிரிட்டிஷ் ராணியின் எம்.பி.இ. பட்டமும் வந்தது. எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்.

நேராகவே கேட்கிறேன். இது சென்னையின் வரலாறா, சென்னையில் இருந்த கம்பெனிகளின் வரலாறா?

பழைய_பேப்பர்

ஆரம்பமே அமர்க்களம். சரி, நானும் வருகிறேன்.

பைகிராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடையில் ஒரு மழைக்கால மாலையில் எனக்குக் கிடைத்த புத்தகம் முத்தையாவின் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’, 1981 பதிப்பு. ஒல்லிப் புத்தகம். முதுகு கிழிந்து, பசை தெரிந்துகொண்டிருந்தது. உள்ளே முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஓரமெல்லாம் எழுதியிருக்கிறார்: ‘இந்த வீடு இப்போது இல்லை’, ‘இது தப்பு, சர்ச் எதிர்ப்பக்கம்’, ஒரு பக்கத்தில் வெறுமனே ‘அப்பா இங்கே வேலை’. புத்தகத்தைவிட அந்தப் பென்சில் எழுத்துக்காகவே வாங்கினேன்.

முத்தையாவை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அந்த ஓரம்தான். அவர் மேடையில் நின்று வரலாறு சொன்னவர் இல்லை. 1999-லிருந்து கடைசி வரை, ஏறக்குறைய இருபது வருடம், ‘தி இந்து’வில் திங்கட்கிழமைதோறும் ‘மெட்ராஸ் மிஸெலனி’ எழுதினார். அதில் தபால்காரர் கதவைத் தட்டியபோது என்று ஒரு பகுதி வரும். வாசகர்கள் அனுப்பிய திருத்தம், மறுப்பு, பழைய போட்டோ, ‘என் பாட்டி சொன்னாள்’ எல்லாம் அதில் ஏறும். போன வாரம் எழுதியது தவறு என்று இந்த வாரம் அச்சிலேயே ஒப்புக்கொள்ளும் பத்தி எழுத்தாளர்களை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

தன்னை வரலாற்றாசிரியர் என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. க்ரானிக்ளர் என்றுதான் சொல்வார். கண்டதையும் கேட்டதையும் பதிந்து வைப்பவர் என்று அர்த்தம். நீங்கள் பேராசிரியருக்கு வைக்கும் தேர்வை அவருக்கு வைக்கிறீர்கள்.

எழும்பூர்_கோப்பு

பேராசிரியர் தேர்வு வேண்டாம், ஒரு சின்னத் தேர்வு போதும். எங்கே கிடைத்தது என்று சொல்லுங்கள் என்பதுதான் அது.

நான் ஆவணக் காப்பகத்தில் உட்காருகிற ஆள். ஒரு தெருப்பெயருக்காக ஒரு வாரம் கட்டுக்களைப் புரட்டியிருக்கிறேன். முத்தையாவின் பத்தியில் அருமையான தகவல் ஒன்று இருக்கும். இந்த வீட்டில் இன்னார் குடியிருந்தார், இந்த வருடம் விற்றார் என்று. அதைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகலாம் என்றால் அடிக்குறிப்பு கிடையாது. குடும்பத்தார் சொன்னதா, பத்திரமா, பழைய கம்பெனி மலரா என்று தெரியாது. அதற்குள் அந்தத் தகவல் நாற்பது வலைப்பூவில் ஏறிவிடும். நாற்பதுக்கும் ஆதாரம் அவர். அவருக்கு ஆதாரம் யார்?

ஆகஸ்ட் 22-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1639-ல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் இந்தக் கடற்கரை இடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த மானியத்தின் நகல்களில் தேதி ஜூலை 22 என்று இருக்கிறது. ஆனால் கம்பெனி சார்பில் அதை வாங்கிய பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலைக் கடைசியில். ஆகவே அது ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது 1913-ல் மூன்று தொகுதிகளாகப் பழைய மெட்ராஸின் ஆவணங்களைத் தொகுத்த ஹெச்.டி. லவ் காலத்திலிருந்து வரும் ஊகம். நியாயமான ஊகம்தான், நானும் ஏற்கிறேன். ஆனால் பேச்சுப் போட்டியில் குழந்தைகள் அதை நட்சத்திரம், லக்னம் பார்த்துப் பிறந்த தேதி மாதிரி சொல்கிறார்கள். பத்திரிகை வரலாறு செய்யும் வேலை இது. ‘இருக்கலாம்’ என்பது அச்சில் ஏறும்போது ‘இருந்தது’ ஆகிவிடும்.

திருவல்லிக்கேணி_வாசி

கோப்பு ஐயா தேதியைப் பிடித்தார். எனக்கு அந்த வருடமே பிரச்சினை.

எங்கள் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ தந்திவர்மன் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆனது. மயிலாப்பூரில் சம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடி, ஊரின் திருவிழாக்களை மாதவாரியாக வரிசை போட்டு வைத்திருக்கிறார். அதைவிடப் பழைய ஊர் வரலாறு வேண்டுமா? பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கல்லாயுதம் வேறு இருக்கிறது. ‘மதராஸ்’ என்ற பெயரையாவது வெள்ளைக்காரன் வைத்தானா என்றால் அதுவும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் பெண்ணேஸ்வரமடத்தில் 1367-ஆம் ஆண்டுக் கல்வெட்டு மாதரசன்பட்டினம் என்று ஒரு துறையைச் சொல்கிறது.

இவ்வளவும் இருக்க, 2004-ல் முத்தையாவும் சசி நாயரும் வின்சென்ட் டிசோசாவும் சேர்ந்து ‘மெட்ராஸ் டே’ என்று ஆரம்பித்தார்கள். இடத்தைக் கொடுத்த நாளுக்கு விழா! வாடகைக்கு ஆள் வந்த நாளை வீட்டுக்காரர் பிறந்தநாளாகக் கொண்டாடுவது போல.

பழைய_பேப்பர்

வாசியாரே, உவமை பிரமாதம். ஆனால் இந்தக் கேஸில் வாடகைக்கு வந்தவர்தான் பக்கத்து வீடுகளையெல்லாம் சேர்த்து ஒரே காம்பவுண்டு போட்டார்.

மயிலாப்பூர் பழையது, திருவல்லிக்கேணி பழையது, திருவொற்றியூர் பழையது. யாரும் மறுக்கவில்லை. முத்தையா தன் புத்தகத்தில் மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடம் ஒதுக்கித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவை தனித்தனி ஊர்கள். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை எல்லாம் 1693-ல் கம்பெனியிடம் வந்தன. சாந்தோம், மயிலாப்பூர் 1749-ல். இந்தக் கிராமங்களை ஒரே நகராகக் கோத்த நூல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அந்தக் கடற்கரை மணல்திட்டுத்தான் பதில். பிடிக்கிறதோ இல்லையோ.

எழும்பூர்_கோப்பு

அதுவரைக்கும் சரி. அவர் அங்கே நிற்கவில்லையே. மூன்று தொகுதியாக அவர் பதிப்பித்த 400 ஆண்டு வரலாற்றின் தலைப்பிலேயே ‘நவீன இந்தியாவின் முதல் நகரம்’ என்று போட்டார். மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1611-லேயே கடை போட்டாயிற்று. கோவாவில் போர்த்துக்கீசியர் 1510-ல் வந்து, 1556-ல் அச்சு இயந்திரமே இறக்கிவிட்டார்கள். ‘முதல்’ என்ற சொல்லின் மேல் அவருக்கு ஒரு தனி மோகம். முதல் மாநகராட்சி, முதல் பொறியியல் பள்ளி, முதல் அது, முதல் இது. பத்திக்கு ருசி சேர்க்கும், வரலாற்றுக்குச் சேராது.

பழைய_பேப்பர்

மோகம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மாநகராட்சி 1688. கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த சர்வே பள்ளி 1794. நில அளவை அதிகாரி லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்துதான் இந்தியாவையே அளக்கும் வேலை தொடங்கியது. இதில் எது பொய்? ‘முதல் நகரம்’ என்பதை விளம்பர வாசகமாக எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முத்தையா ஆங்கிலத்தில் மட்டும் இயங்கினார் என்கிறீர்கள். அவர் சேர்த்த ஒரு லட்சம் தமிழ்ப் புத்தகமும் நோட்டீஸும்தானே தரமணி நூலகத்தில் இருக்கிறது? அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?

இரண்டாம்கட்டு

தம்பி, அது வேறு முத்தையா. ரோஜா முத்தையா. கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தமிழில் அச்சான எதையும், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், மருத்துவக் குறிப்பு என்று விடாமல் சேர்த்தவர். 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-லிருந்து ரோஜா முத்தையா நூலகம்.

நாம் பேசுகிற எஸ். முத்தையா பள்ளத்தூர்க்காரர். 1930-ல் பிறந்தவர். இரண்டு ஊரும் காரைக்குடிக்குக் கூப்பிடு தூரம், இரண்டு பேருக்கும் ஒரே பெயர். எங்கள் பக்கம் ‘முத்தையா’ என்று தெருவில் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து தலை நீட்டும். குழப்பம் உங்கள் தவறில்லை.

வந்ததோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரம்பூர்_சங்கு அவரைக் கம்பெனிக் கதை எழுதியவர் என்கிறார். நகரத்தார் வீட்டில் பிறந்தவனுக்குக் கணக்குப் பேரேடு ஒரு இலக்கியம் மாதிரி என்பதை மறந்துவிட வேண்டாம். கொண்டுவிற்கப் போன ஊர், அங்கே வைத்த கடை, கடையில் யார் மேலாள், யார் அடுத்தாள், எத்தனை வருடக் கணக்கு, இதுதான் எங்கள் வீட்டுக் கதைகளே. எங்கள் ஐயா பர்மாவின் மோல்மீனிலிருந்து எழுதிய கடிதத்தில் முதல் பக்கம் முழுக்கச் சரக்கு விலை. பிள்ளை பிறந்ததற்கு வாழ்த்து கடைசி இரண்டு வரி. முத்தையா ஊரைக் கடைகளின் வழியாகப் பார்த்தார் என்றால் அது வெள்ளைக்காரப் பாசம் அல்ல, பள்ளத்தூர்ப் பழக்கம்.

வெள்ளவத்தை

அக்கா பள்ளத்தூரைச் சொன்னார், நான் கொழும்பைச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் அவரைச் சென்னையோடு மட்டுமே வைத்துக் கதைக்கிறீர்கள்.

அவர் வளர்ந்தது கொழும்பில். அமெரிக்காவில் படித்துவிட்டு 1951-ல் ‘டைம்ஸ் ஒஃப் சிலோன்’ பத்திரிகையில் சேர்ந்தவர். பதினேழு வருடம். 1968-ல்தான் சென்னைக்குப் போனார். அது என்ன காலம் என்று உங்களுக்குத் தெரியும். 1948 குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வளவு பேர் உங்களுக்கு, இவ்வளவு பேர் எங்களுக்கு என்று தலையெண்ணிப் பிரித்தது. இந்தியக் குடும்பப் பெயரோடு கொழும்பில் எவ்வளவு உயர்ந்த நாற்காலியில் இருந்தாலும் ஊன்றி உட்கார முடியாத காலம்.

நாற்பதை நெருங்கும் வயதில், வளர்ந்த ஊரை விட்டு, தனக்குப் புதிதான ஒரு நகரத்தில் வந்து இறங்குகிறான் ஒருவன். வேலை வரைபடக் கம்பெனியில். டி.டி. மேப்ஸ். ஊர் தெரியாதவன்தான் ஊரை இவ்வளவு கவனமாகப் பார்ப்பான். பிறந்து வளர்ந்த சென்னைக்காரர்களுக்கு மவுண்ட் ரோடு பஸ் போகிற ரோடு. அவருக்கு ஒவ்வொரு தூணும் கேள்வி.

இன்னொன்று. 2003-ல் அவர் ‘தி இண்டோ-லங்கன்ஸ்’ என்று ஒரு புத்தகம் செய்தார். இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் 200 வருடக் கதை. அதில் தோட்டத் தொழிலாளியும் உண்டு, செட்டியாரும் உண்டு, போரா முஸ்லிம் வியாபாரியும் உண்டு. அவர் தொழிலாளியையே பார்க்காதவர் என்று முத்திரை குத்த முதல் அதையும் ஒருக்கால் புரட்டிப் பாருங்கள்.

பெரம்பூர்_சங்கு

கொழும்பு விவரம் எனக்குப் புதிது, நன்றி. அது அவரைப் பற்றிய என் கோபத்தைக் கொஞ்சம் தணிக்கிறது, கேள்வியைத் தணிக்கவில்லை.

இண்டோ-லங்கன்ஸ் படங்கள் நிறைந்த பெரிய புத்தகம். வரவேற்பறை மேஜையில் வைக்கிற ஜாதி. அதைப் புரட்டப்போகிற தோட்டத் தொழிலாளி யார்?

சென்னைக்கே வருவோம். 1918-ல் பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஆரம்பித்துவைக்க, வாடியா தலைவரானார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். ‘முதல்’ பிரியருக்கு இதைவிட நல்ல ‘முதல்’ கிடைக்குமா? 1921-ல் மில்லில் ஆறு மாத வேலைநிறுத்தம். துப்பாக்கிச் சூடு. ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதலாக்கப்பட்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நூறு வருடம் ஆகியும் அந்தத் தெருக்களில் யார் வீட்டுக்கு யார் போவார்கள் என்பதில் அதன் தழும்பு தெரியும். பின்னி கம்பெனியின் கதையில் இது ஒரு ‘தொழிலாளர் பிரச்சினை’. எங்கள் கதையில் இதுதான் கதை.

இதற்கெல்லாம் தமிழில் ஆதாரம் இல்லையா? திரு.வி.க. அந்தச் சங்கத்துக்குள்ளேயே நின்றவர். அவருடைய ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944-லேயே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஊர் வரலாறு எழுதுகிறவர்களின் அலமாரியில் ஹெச்.டி. லவ் மூன்று தொகுதியும் இருக்கும், திரு.வி.க. இருக்க மாட்டார். முத்தையா ஒருவரைச் சொல்லவில்லை, அந்த வட்டத்தையே சொல்கிறேன்.

பழைய_பேப்பர்

திரு.வி.க. விஷயத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். அந்த அலமாரி என் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ‘ஆங்கிலம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக விடமாட்டேன். அவருடைய சென்னைப் புத்தகம் சி.வி. கார்த்திக் நாராயணன் மொழிபெயர்ப்பில் ‘சென்னை மறுகண்டுபிடிப்பு’ என்று கிழக்குப் பதிப்பகத்தில் வந்தது. நரசய்யா ‘மதராசபட்டினம்’ என்று நேரடியாகத் தமிழிலேயே ஒரு பெரிய நூல் எழுதினார். இரண்டும் வந்தபோது நம்மில் எத்தனை பேர் வாங்கினோம்? எங்கள் ஏரியா நூலகத்தில் கேட்டேன். அதைவிடப் போட்டித் தேர்வு கைடு கேளுங்கள் சார், உடனே தருகிறேன் என்றார் அங்கிருந்தவர். தமிழில் எழுதவில்லை என்று அழுவதும் நாம்தான், தமிழில் வந்ததை வாங்காததும் நாம்தான்.

பெரம்பூர்_சங்கு

மொழிபெயர்ப்பு எப்போது வந்தது? மூல நூல் வந்து கால் நூற்றாண்டு போல ஆன பிறகு. அதுவரை ஆங்கிலப் பதிப்பு ஒவ்வொரு தடவையும் தடித்துக்கொண்டே போனது, பெயர்கூட ‘டிஸ்கவர்ட்’ போய் ‘ரீடிஸ்கவர்ட்’ ஆனது. தமிழுக்கு ஒரு தடவை.

இரண்டாம்கட்டு

சங்கு அண்ணே, அது பதிப்பகங்களைக் கேட்க வேண்டிய கேள்வி. எழுதியவருக்கு எந்த மொழியில் கை ஓடுமோ அதில்தானே எழுதுவார்? கொழும்பிலும் அமெரிக்காவிலும் படித்து, ஆங்கிலப் பத்திரிகையில் பதினேழு வருடம் ஊறியவர் திடீரென்று தமிழில் எழுதியிருந்தால் நீங்களே ‘இது என்ன மொழிபெயர்ப்புத் தமிழ்’ என்று கிழித்திருப்பீர்கள்.

திருவல்லிக்கேணி_வாசி

அவர் கடைசி வரை ‘மெட்ராஸ்’ என்றே எழுதினார். 1996-ல் பெயர் மாறியும் விடவில்லை. அதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை

என் அம்மா சாகும்வரை ‘சிலோன்’ என்றே சொன்னார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழும்பூர்_கோப்பு

இது வேறு பக்கம் போகிறது. நான் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு திரும்பவும் குறை சொல்கிறேன்.

ஒப்புக்கொள்வது கட்டட விஷயத்தில். 1991-ல் அவர் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கியபோது, பழைய கட்டடத்தை இடிக்காதே என்று சொல்வது இந்த ஊரில் பைத்தியக்காரத்தனம். கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலகம் இருக்கிறதே, 1839-ல் ஃப்ரீமேசன்கள் கட்டியது, அதை இடிப்பதாக 90-களில் அரசு முடிவே செய்துவிட்டது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. கட்டடம் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. முதல் கடற்கரைச் சாலையில் (இப்போதைய ராஜாஜி சாலை) இருந்த பெண்டிங்க் கட்டடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இடித்துவிட்டுக் கலெக்டர் அலுவலகம் கட்டினார்கள். 2010-ல் உயர் நீதிமன்றம் விளம்பரப் பலகை வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழுவின் 467 கட்டடப் பட்டியலை ஏற்றுக்கொண்டு, பாதுகாக்கச் சொன்னது. விளம்பரப் பலகை வழக்கிலிருந்து பாரம்பரியக் கட்டடம் முளைத்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பு விழுவதற்கு மண்ணை இருபது வருடம் கொத்திப் போட்டவர்களில் முத்தையா முக்கியமானவர். இதை யார் மறுத்தாலும் நான் சண்டைக்கு வருவேன்.

குறை: அந்த மாதிரிப் பட்டியல்களில் தூண் வைத்த வீடுகள் அதிகம். ஓட்டு வீட்டு வரிசை, மில் லைன் குடியிருப்பு, மீன்பிடிக் குப்பத்துக் கோயில் எல்லாம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எதை அழகு என்று ஒரு எழுத்தாளர் முப்பது வருடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாரோ, அதுதான் கடைசியில் சட்டத்தின் கண்ணிலும் அழகாகிறது.

பெரம்பூர்_சங்கு

கோப்பு ஐயா, நான் நாலு பதிவில் சொல்லத் திணறியதை நீங்கள் ஒரே பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

பெண்டிங்க் கட்டடம் இடித்த இடத்தில் நிற்கிற கலெக்டர் அலுவலகத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. 1923-ல் இந்தியாவிலேயே முதல் மே நாள் கொண்டாடியவரின் பெயர். எனக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரிவதில்லை. பழைய கட்டடம் போனது தவறுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய_பேப்பர்

சங்கு, ஒரு யோசனை. திட்டாமல் கேளுங்கள்.

உங்கள் தாத்தா டோக்கனைப் பற்றி முத்தையா உயிரோடு இருக்கும்போது நீங்கள் ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அது அச்சில் வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அவருக்கு வந்த தபால் யாரிடமிருந்து வந்ததோ அவர்களுடைய ஊர்தான் அந்தப் பத்தியில் வந்தது. கிளப் உறுப்பினர்கள் எழுதினார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எழுதினார்கள், லண்டனிலிருந்தும் பெர்த்திலிருந்தும் ஆங்கிலோ-இந்தியர்கள் எழுதினார்கள். பெரம்பூரிலிருந்து ரயில்வே காலனிக்காரர்கள் எழுதினார்கள். மில்காரர்கள் எழுதவில்லை.

பெரம்பூர்_சங்கு

என் தாத்தாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அதுவும் தமிழில். அப்பா ஆறாவதோடு நிறுத்தியவர். ஆங்கிலப் பத்திரிகைக்கு யார் கடிதம் எழுதுவது? தபால்காரர் தட்டினார் என்கிறீர்கள். எந்த மொழி தெரிந்தவர்களின் தபால் அது என்றுதானே முதலிலிருந்தே கேட்கிறேன்?

பழைய_பேப்பர்

நியாயம்.

வெள்ளவத்தை

சரி, இப்ப நீங்கள் எழுதுகிறீர்கள்தானே சங்கு அண்ணன்? இந்த இழையிலேயே எழுதுங்கள். டோக்கனில் என்ன இருக்கிறது, தாத்தா எந்த வருடம் சேர்ந்தார், எந்தத் தெருவில் இருந்தார். கோப்பு ஐயா இருக்கிறார், சரிபார்ப்பார். அவர் அடிக்குறிப்பு கேட்பார், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

எழும்பூர்_கோப்பு

கேட்பேன். முதல் கேள்வியை இப்போதே கேட்கிறேன். பக்கிங்ஹாம் மில் டோக்கன் என்று எப்படித் தெரியும்? பின்னிக்குப் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் என்று இரண்டு மில். 1920-ல் ஒன்றாகி பி அண்ட் சி ஆனது. டோக்கனில் எழுத்து ஏதாவது இருக்கிறதா? படம் போடுங்கள். இரண்டு பக்கமும்.

இரண்டாம்கட்டு

தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் படம் எடுக்காதீர்கள் அண்ணே. புளி போட்டுத் தேய்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும். கொஞ்சம் மாவைத் தூவி, விரலால் வழித்துவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள். எங்கள் வீட்டுப் பழைய வெண்கலப் பாத்திரத்தில் இருக்கிற விலாசம் எல்லாம் அப்படித்தான் படித்தோம்.

பெரம்பூர்_சங்கு

நேற்று ராத்திரி அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கோதுமை மாவு தூவினேன். எண் 3-இல் தொடங்குகிறது, நாலு இலக்கம், கடைசி இலக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. எண்ணுக்கு மேலே ஒரு எழுத்து. இத்தனை வருடம் அதை ‘பி’ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், அப்பா அப்படித்தான் சொல்வார். சாய்த்துப் பார்த்தால் ‘சி’. அம்மாவிடம் காட்டினேன். ‘உங்கப்பாவுக்கு என்ன தெரியும், உங்க தாத்தா கர்நாடிக்கு மில்லுதான், பக்கிங்காமுல இருந்தது அவரோட தம்பி’ என்றார்.

ஆக, முதல் பதிவில் நான் எழுதியது தவறு. பக்கிங்ஹாம் இல்லை, கர்நாட்டிக். நெறியாளர் முதல் பதிவைத் திருத்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். படம் சாயந்திரம் போடுகிறேன். தாத்தாவின் தம்பி மகள் வியாசர்பாடியில் இருக்கிறாராம், அவரிடம் இன்னொரு டோக்கன் இருக்கலாம் என்கிறார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.